மொறிஸின் இடது முன் சில்லு



பக்கத்து வீட்டுப் பெடியன் போன கிழமை ஒரு படம் போட்டுவிட்டான். எங்கள் மொறிஸ் மைனர் இடது பக்கம் மரக்குற்றியில் நிற்கிறது. சில்லு கழன்று மாமரத்தில் சாய்ந்திருக்கிறது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த செய்திகள் கொஞ்சமல்ல. "சேர், காரை விக்கப் போறியளோ?" என்று ரொறன்ரோவிலிருந்து மூன்று பேர். "இந்த வயதில இது தேவையோ சேர்?" என்று லண்டனிலிருந்து ஒருவன். பாரிசில் இருக்கும் ஒருத்தி, "இந்தக் காரிலதானே எங்களைச் சோதினைக்கு ஏத்திக்கொண்டு போனனீங்கள்" என்று எழுதி அழுகிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சுச் செய்ய என் விரல் இடம்கொடாது. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளம்தான். நாற்பது நிமிடப் பாடத்தை ஒரு நாளும் நாற்பது நிமிடத்தில் முடிக்காதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். உங்கள் அன்ரிக்கு இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்தது பலருக்குத் தெரியும். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகவேண்டும். இணுவிலில் இருந்து ஐந்தாறு கிலோமீற்றர். ஓட்டோவில் ஏற்றினால் ஒவ்வொரு குழிக்கும் அவ முகத்தைச் சுழிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. எங்களுடையது இரண்டு கதவு மொறிஸ். இரண்டு கதவுக் காரில் முன் கதவு நல்ல அகலம். பக்கவாட்டில் இருந்துகொண்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிவிடலாம். புதிய சின்னக் கார்களில் அந்த வசதி இல்லை. ஆகவே இந்தக் கார் எனக்குப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் கிளினிக் முடிந்து காங்கேசன்துறை வீதியால் திரும்பி வருகிறோம். கொக்குவில் தாண்டும்போது அன்ரிதான் முதலில் சொன்னா: "இஞ்சாருங்கோ, ஏதோ எரியுற மணம்." சமையல்காரரின் மூக்கு. எனக்கு மணம் தெரியவில்லை, ஆனால் ஸ்ரியரிங் மெல்ல இடது பக்கம் இழுப்பது கையில் தெரிந்தது. ஒரு இடத்தில் கியரை நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வசதி உண்டு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கார் நன்றாக இருந்தால் நியூட்ரலில் விட்டபின்னும் அது நெடுந்தூரம் உருண்டுகொண்டே போகும். அன்று யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல நின்றது.

வீட்டுக்கு வந்ததும் நான்கு சில்லையும் பார்த்தேன். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருந்தோமே, அதை முதலில் எடுத்து வந்தேன். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் நான்கு சில்லுக்குமே அது 'ஹை' என்று காட்டிவிட்டது. காய்ச்சல்காரருக்குச் செய்த கருவி, அதைக் குறை சொல்லக்கூடாது. பிறகு ஒரு செம்பு தண்ணீர் எடுத்து விரலால் தெளித்துப் பார்த்தேன். மூன்று சில்லின் நடுவில் விழுந்த துளி அப்படியே வழிந்தது. இடது முன் சில்லில் விழுந்தது 'ஸ்ஸ்' என்று ஒலித்துக் காணாமற்போனது.

அரை மணித்தியாலம் கழித்து ஜக் வைத்துத் தூக்கிப் பார்த்தால் அதே சில்லு ஒரு பிழையும் இல்லாததுபோலச் சுற்றுகிறது. பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு வந்து பார்த்தேன். இறுகிவிட்டது. மறுபடி அரை மணித்தியாலம். மறுபடி தளர்ந்தது. இந்தத் தளர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மகளுக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்ரி வட்ஸப்பில் சொல்லிவிட்டா. அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து அழைப்பு. "அப்பா, இனி அம்மாவை அந்தக் காரில ஏத்தவேண்டாம்." கொழும்பில் ஒருவர் இரண்டு வருடமாக இந்தக் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து பழைய கார்களுக்கு வந்த விலை உங்களுக்குத் தெரியும். அவருக்குக் கொடுத்துவிடுங்கோ, மிச்சக் காசை நான் போடுகிறேன், ஒரு யப்பான் கார் எடுப்போம் என்கிறாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்து மொறிஸில் நான்கு சில்லுக்கும் ஒரே பிறேக் ஒயில் ஓட்டம்தான். இப்போதைய கார்கள்போல இரண்டாகப் பிரிக்கப்படவில்லை. ஒரு இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லின் பிறேக்கும் போய்விடும். மிஞ்சுவது பின் சில்லுகளைப் பிடிக்கும் ஹாண்ட் பிறேக் மட்டும்.

அவளுக்கு நான் சொன்ன பதில்: அடுத்த கிளினிக்குக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அதற்குள் ஏன் இறுகுகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். எதையோ மாற்றினோம், சரிவந்துவிட்டது என்பது போதாது. காரணம் தெரியாமல் சரிவந்தது காரணம் தெரியாமலே மறுபடி பிழைக்கும். காரணம் தெரியவில்லை என்றால் கொழும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவோம். அவள் சம்மதித்தாள். அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. அவ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காட்டிய கராஜில், பெயர் வேண்டாம், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மாஸ்ரர் பழுது, மாத்தவேணும்" என்றார்கள். அன்ரி காருக்குள் இருந்தபடியே, "அது எனக்கு நாப்பத்தைஞ்சு வரியமாத் தெரியும்" என்றா. ஊரில் என்னை மாஸ்ரர் என்று கூப்பிடுவதை அறியாத புதுப் பெடியன் ஒன்றும் விளங்காமல் முழித்தான்.

அவர்கள் சொன்னது மாஸ்ரர் சிலிண்டரை. மொறிஸ் மைனரில் அது இருக்கிற இடம் ஒரு கூத்து. மற்றக் கார்களில்போல முன்னால் எஞ்சின் பக்கத்தில் இல்லை. றைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், சட்டத்தின் பெட்டிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஒயில் விடுவதற்குக் கம்பளத்தைத் தூக்கி, தரையில் உள்ள மூடியைத் திறக்கவேண்டும். அதைக் கழற்றப் போனால் போல்ட்டை முழுதாக வெளியே இழுக்க விடாமல் பக்கத்தில் போகும் ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பெரிய மூளைக்காரர். 1948 இல் கார் வெளிவருமுன், ஒப்பனைக் கார் ஒடுங்கிப்போய்த் தெரிகிறது என்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகட்டிப் பொருத்திப் பார்த்தவர். பொனற்றின் நடுவில் ஓடும் அந்தத் தட்டைப் பட்டி அந்த அகட்டலின் அடையாளம்தான். ஆனால் மாஸ்ரர் சிலிண்டரை அங்கே வைத்ததற்கு அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சுருக்கமாக, மூன்று நாள் வேலை, பெரிய செலவு. அதுவும் காரணமாக இருந்தால் பரவாயில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே நம்முடைய பெடியனைக் கூப்பிட்டேன். உங்களில் பலருக்கு அவனைத் தெரியும், பெயர் எழுதினால் அவனுக்குப் பிடிக்காது. சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டுத் தகப்பனோடு கராஜுக்குப் போனவன். கடைசி வாங்கில் ஜன்னலோரம் இருந்து, வீதியால் போகும் வாகனத்தைச் சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லுவான். தகப்பனுக்குப் பிறகு கராஜை இப்போது அவன் நடத்துகிறான்.

வந்தான். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். "மாஸ்ரர் இல்லை சேர்" என்றான்.

"என்னெண்டு சொல்லுறாய்?"

"மாஸ்ரர் ஒயிலைப் பிடிச்சு வைச்சிருந்தால் நாலு சில்லும் இறுகவேணும். இது ஒரு சில்லு."

இதைக் கராஜில் யாரும் யோசிக்கவில்லை. ஹாண்ட் பிறேக்கையும் அதே வழியில் விலக்கிவிடலாம். அது பின் சில்லுக்குத்தான். முன் சில்லு இறுகுவதற்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது அந்தச் சில்லுக்கே உரிய சாமான்கள்: பிறேக் ஷூக்கள், அவற்றைத் திருப்பி இழுக்கும் ஸ்பிறிங்குகள், இரண்டு சிறு சிலிண்டர்கள், இடைவெளியைச் சரிசெய்யும் அஜஸ்ரர்கள், பிறகு உடலில் இருந்து சில்லுக்கு ஒயில் கொண்டுவரும் றப்பர் ஹோஸ்.

மொறிஸின் முன் சில்லில் இரண்டு அஜஸ்ரர் உண்டு, ஒவ்வொரு ஷூவுக்கும் ஒன்று. சில்லையும் ட்றம்மையும் கொஞ்சம் திருப்பினால் ட்றம்மில் உள்ள ஓட்டையால் ஸ்குறூட்றைவர் விட்டுத் திருகலாம். வலம்சுழியாகத் திருகி, சில்லு பூட்டியதும், ஒரு பல் பின்னால் விடவேண்டும். அவன் இரண்டையும் மூன்று மூன்று பல் பின்னால் விட்டான். சில்லு காற்றில் சுற்றியது. என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னான். மிதித்துவிட்டேன். இறுகியது. ஆக அஜஸ்ரரும் இல்லை.

மிச்சத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று இயந்திரப் பிடிப்பு. துருப்பிடித்த பிஸ்ரன், தேய்ந்த ஸ்பிறிங் போன்றவை. மற்றது திரவ அமுக்கம் உள்ளே அடைபட்டு நிற்பது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. ஆனால் அரை மணித்தியாலத்தில் தானாகத் தளர்ந்தது என்றேனே, துருப்பிடித்த பிஸ்ரன் அப்படி மனம் மாறாது. ஒயில் எங்கோ ஊசித் துவாரத்தால் மெல்ல மெல்லத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கவேண்டும். என் ஊகம் அது. அவன் ஊகத்தோடு நிற்கவில்லை. பையிலிருந்து ஒரு ஸ்பனரையும், ஒரு சேலைன் குழாயையும், ஒரு வெற்றுச் சோடாப் போத்தலையும் எடுத்தான்.

இனி அவன் செய்த ஒழுங்கைக் கவனியுங்கள். ஒழுங்கு மாறினால் சோதனை பயனில்லை. சில்லு இறுகி நிற்கும்போது முதலில் அவன் தொட்டது ஹோஸின் மேல் முனையை. அதாவது காரின் உடலில் இருந்து வரும் இரும்புக் குழாய் றப்பர் ஹோஸைச் சந்திக்கும் இடம். அந்த இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தினான். இரண்டு சொட்டு ஒயில் கசிந்தது. சில்லு இறுகியபடியே நின்றது. அப்படியானால் அந்த முனைக்கு மேலே, மாஸ்ரர் பக்கத்தில், அமுக்கம் ஒன்றும் இல்லை. இணைப்பை இறுக்கினான். பிறகு சில்லின் பின்தட்டில் உள்ள நிப்பிளில் சேலைன் குழாயைப் பூட்டி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தான். ஒயில் பீறிட்டுப் போத்தலின் அடியில் அடித்தது. சில்லு அந்தக் கணமே தளர்ந்தது. ஒரு சொட்டு வருவது வேறு. பழைய ட்றம் பிறேக்குகளில் மாஸ்ரர் சிலிண்டருக்குள் ஒரு வால்வு, குழாயில் சிறிது அமுக்கத்தை எப்போதும் வைத்திருக்கும். அது இயல்பு. இது அப்படியல்ல, சிரிஞ்சால் அடித்ததுபோல வந்தது.

நிப்பிளில் அமுக்கம் இருக்கிறது. ஹோஸின் மேல் முனையில் இல்லை. இடையில் இருப்பது ஹோஸ் மட்டும்.

"பத்து இஞ்சி றப்பர், சேர்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள், கேட்கவேண்டும். அடைப்பு என்றால் போகும்போதும் அடைக்கவேண்டுமே, வரும்போது மட்டும் ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். என் கால் பெடலில் 20 கிலோ பாரம் கொடுக்கிறது என்று வையுங்கள். பெடல் ஒரு நெம்பு, ஐந்து மடங்கு என்று வையுங்கள். மாஸ்ரர் பிஸ்ரனில் 100 கிலோ. பிஸ்ரனின் பரப்பு 4 சதுர சென்ரிமீற்றர் என்றால், சதுர சென்ரிமீற்றருக்கு 25 கிலோ. அந்த அமுக்கம் எந்த ஒடுங்கிய வழியாலும் ஒயிலைத் தள்ளிவிடும். காலை எடுத்ததும் ஒயிலைத் திருப்பித் தள்ளுவது யார்? ஷூக்களைப் பிடித்திழுக்கும் ஸ்பிறிங். அது ஒரு 12 கிலோ என்று வைத்து, சில்லுச் சிலிண்டரின் பரப்பையும் 4 என்றே எடுத்தால், சதுர சென்ரிமீற்றருக்கு 3 கிலோ. போகும்போது 25, வரும்போது 3. வீங்கிய றப்பர் ஒரு பக்கக் கதவுபோல நடந்துகொள்வதற்கு இது போதும்.

இன்னும் ஒன்று. அடைபட்ட ஒயில் சூடாகும்போது விரிகிறது. திரும்பிப் போக வழியில்லாததால் அந்த விரிவு ஷூவை இன்னும் அமத்துகிறது. இன்னும் உராய்வு, இன்னும் சூடு. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் பிழை இது. சூடு ஏறிக்கொண்டே போனால் ஒயில் கொதிக்கும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் அமுங்கும், பெடல் தரையைத் தொடும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கிற திரவம். ஈரம் ஏறிய ஒயிலுக்கு அந்த விதி 140 பாகையோடு நிறைவடைந்துவிடும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் எங்கள் கார் ஐந்து மாதம் கொட்டிலில் நின்றது. ஓடாமல் நிற்கும் காரிலும் ஒயில் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். முதலில் இறுகும் பிறேக், பிறகு இல்லாமற் போகும் பிறேக். மகளின் பயம் பொய்யல்ல என்று சொன்னது இதனால்தான்.

ட்றம்மைக் கழற்றினோம். உள்ளே ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. ஷூவின் லைனிங் கண்ணாடிபோல மினுங்கியது. இந்த இடத்தில் ஒரு சின்னச் சண்டை. அவன் தூசியை ஊதித் தள்ளக் காற்றுக் குழாயை எடுத்தான். நான் கையைப் பிடித்தேன். அந்த லைனிங் எந்தக் காலத்தையது என்று பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. பழைய லைனிங்குகள் அஸ்பெஸ்ரஸில் செய்தவை. எங்கள் நாட்டில் கூரைத் தகட்டுக்கே அதுதான் பெயர், அதனால் நமக்குப் பயம் விட்டுப்போயிற்று. அவனுடைய தகப்பன் வாழ்நாள் முழுவதும் அந்தத் தூசியை வாயால் ஊதினவர். கடைசிக் காலத்தில் அவருக்கு மூச்சு முட்டு. சுருட்டும் குடித்தவர்தான். ஆனாலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். "சேர், நாங்கள் எத்தினை வரியமா ஊதுறம்" என்றான். நான் பேசாமல் துணியை நனைத்துக்கொண்டு வந்து நீட்டினேன். வாங்கித் துடைத்தான். துணியைப் பையில் கட்டி எறிந்தான். உங்களில் யாராவது இந்த வேலை செய்கிறீர்கள் என்றால் தயவுசெய்து ஊதாதீர்கள்.

தகப்பனைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டது. இதைச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிச் சொல்ல முடியாது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்களில் மூத்தவர்கள் கண்டிருக்கிறீர்கள். நாலு சொட்டுப் பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை, கண் எரிச்சல். எஞ்சினுக்கு ஒரு வழி கண்டோம். பிறேக் ஒயிலுக்கு? சிலர் எஞ்சின் ஒயிலை விட்டார்கள். இரண்டு கிழமையில் சிலிண்டருக்குள் இருந்த றப்பர் கிண்ணங்கள் வீங்கி, பிறேக் முழுக்கப் பூட்டிக்கொண்டது. கனிய எண்ணெய் அந்த றப்பருக்கு எதிரி. அந்த மனிதர் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆமணக்கெண்ணெயும் ஸ்பிரிற்றும் கலந்துதான் அந்தக் காலத்தில் பிறேக் ஒயில் செய்தார்கள் என்று எந்த வெள்ளைக்கார எஞ்சினியரிடம் கேட்டு வைத்திருந்தாரோ. டிஸ்பென்சரியில் கெஞ்சி ஸ்பிரிற் வாங்கி, ஆமணக்கெண்ணெய் கலந்து, வடிகட்டி எங்கள் காருக்கு விட்டார். மற்ற மரக்கறி எண்ணெய்கள் ஸ்பிரிற்றில் கரையாது, ஆமணக்கெண்ணெய் கரையும். இதை நான் பிறகு புத்தகத்தில் பார்த்துச் சரி என்று கண்டேன்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி இங்கே நான் எழுத வேண்டியதில்லை, வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த வீதியில் நடந்தவர்கள். எழுந்து நடக்கமுடியாத என் மாமியார் பின் சீற்றில், அவவின் காலடியில் பாத்திரங்கள், மடியில் மூத்தவள். மழை. முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள். கோப்பாயில் இருந்து கைதடிப் பக்கம் போக எங்களுக்கு அந்த இரவும் அடுத்த நாள் பாதிப் பகலும் எடுத்தது. பம்பருக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் யாரோ ஒருவரின் முதுகு. லைற் போடக்கூடாது. ஒரு அடி உருட்டுவேன், பிறேக்கை மிதிப்பேன். ஒரு அடி, பிறேக். எத்தனை ஆயிரம் தரம் மிதித்தேனோ. ஒரு முறைகூடப் பெடல் இறங்கவில்லை, ஒரு சில்லுகூட இறுகவில்லை. ஒருவர் மேலும் அந்தக் கார் முட்டவில்லை. பின் சீற்றில் மடியில் இருந்த மூத்தவள்தான் இப்போது ரொறன்ரோவில் இருந்து காரை விற்கச் சொல்கிறவள். அவளுக்கு அந்த இரவு நினைவில்லை, ஐந்து வயது. அன்ரிக்கு நினைவிருக்கிறது. அவ ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு அர்த்தம் உண்டு என்றேனே, அது இதுதான்.

சரி, ஹோஸுக்கு வருவோம்.

இப்போது கழற்றின ஹோஸ் 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் கொழும்பிலிருந்து எடுத்துப் போட்டது. இருபது வருடத்துக்கு மேலாகிறது. வெளியே பார்த்தால் ஒரு வெடிப்பும் இல்லை. கறுப்பு, வழவழப்பு. அவன் அதைக் கத்தியால் நெடுக்கே கீறி விரித்துக் காட்டினான். உட்சுவர் வீங்கி, ஒரு இடத்தில் உரிந்து நாக்குப்போலத் தொங்கியது. வழி ஒரு தையல் ஊசி போகும் அளவு. அந்த இரண்டு துண்டையும் கழுவி என் மேசையில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க எண்ணம், இப்போதுள்ள ஆசிரியர் வேண்டும் என்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் ஹோஸ் இருந்தது. பெட்டி புதியது, ஆனால் வளைத்துப் பார்த்தால் றப்பரில் சிறு வெடிப்புகள். தட்டில் இருந்தே கிழடாகிவிட்டது. காரில் பூட்டாவிட்டாலும் றப்பருக்கு வயது போகும். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். லண்டனில் இருக்கும் நம்முடைய பெடியன், "இந்த வயதில தேவையோ" என்று கேட்ட அதே ஆள், மொறிஸ் உதிரிப்பாகம் விற்கும் இடத்தில் முன் ஹோஸ் இரண்டும் வாங்கி அனுப்பினான். ஒன்பதாம் நாள் கைக்கு வந்தது. ஒரு பக்கம்தானே பழுது, ஏன் இரண்டு என்று அவன் கேட்டான். வலது பக்கத்து ஹோஸும் அதே நாளில் அதே பெட்டியில் வந்தது, அதே ஒயிலைக் குடித்தது. ஷூக்களையும் இரண்டு பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகு பழைய ஒயிலை முழுக்க வெளியேற்றிப் புது ஒயில் விட்டோம். மாஸ்ரர் சிலிண்டர் வலது பக்கத் தரையின் கீழ் இருப்பதால் மிகத் தூரமான இடது பின் சில்லில் தொடங்கவேண்டும், பிறகு வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். அவன் காருக்குக் கீழே. நான் சீற்றில்.

"அமத்துங்கோ சேர்... பிடியுங்கோ... விடுங்கோ."

"அமத்துங்கோ... பிடியுங்கோ... சேர், நான் சொல்லமுதல் விடக்கூடாது!"

நாற்பது தரமாவது இருக்கும். வாசலில் கதிரை போட்டிருந்த அன்ரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பத்தாம் வகுப்பில் அவனை எத்தனை தரம் எழும்பி நில், இரு என்றேனோ, எல்லாவற்றையும் வட்டியோடு வாங்கிக்கொண்டான். சேலைன் குழாயில் முதலில் வந்தது தேத்தண்ணி நிறம். பிறகு குமிழிகள். பிறகு தெளிவு.

ஓடிப் பார்க்க அதிகாலை மருதனார்மடம் பக்கம் போனோம். ஸ்ரியரிங்கில் கையை வெறுமனே தொட்டபடி, மணிக்கு நாற்பதில் பிறேக் பிடித்தேன். நேராக நின்றது. நியூட்ரலில் விட்டேன், உருண்டுகொண்டே போனது. அவன் இறங்கி ஒவ்வொரு சில்லாகத் தொட்டு வந்தான். நான்கும் ஒரே சூடு. செம்பும் தண்ணீரும் கொண்டுபோயிருந்தேன், தேவைப்படவில்லை. அவன் காசு வாங்க மறுத்தான். அன்ரி ஒரு பை நிறையக் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கொடுத்தனுப்பினா, அதற்குள் காசையும் வைத்துவிட்டா.

மகளுக்கு அந்த ஹோஸின் குறுக்குவெட்டுப் படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "பின் சில்லு ஹோஸ் எத்தினை வயசு அப்பா?" என்று கேட்டாள். என் பிள்ளைதான்.

கேள்வி சரியானது. பின்னால் போகும் ஹோஸ் ஒன்றுதான், அதுவும் 2002 இல் போட்டது. அதை மாற்றும்வரை தனியாக மட்டும் ஓடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அன்ரி ஏறமாட்டா. கிளினிக்குக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஆகவே லண்டனில் இருந்து இந்தக் கிழமை யாராவது ஊருக்கு வருகிறீர்கள் என்றால் எனக்கு அறிவியுங்கள். மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின், பின் பிறேக் ஹோஸ் ஒன்று. பின் சில்லுச் சிலிண்டர் இரண்டும் சேர்த்து எடுக்க முடிந்தால் நல்லது. பொதி சிறியது, கையில் கொண்டுவரலாம். காசை இங்கே உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். பெட்டியை வாங்குமுன் றப்பரை வளைத்துப் பாருங்கள்.